நடு வழியில் நின்ற ரதம்

மோட்டார் வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரையில், அதற்குள் ஒரு யந்திரம் இருக்கிறது என்பதே நம்மில் அநேகருக்கு ஞாபகம் வருவதில்லை. வீட்டில் ஓயாமல் உழைக்கும் தாயாரைப் போன்றதுதான் அதுவும். ஒரு நாள் படுத்துவிட்டால்தான், இத்தனை காலமும் யாருடைய உழைப்பினால் நமது பிழைப்பு நடந்தது என்று தெரிய வருகிறது.

எங்கள் வீட்டு வண்டி அப்படிப் படுத்துக்கொண்டது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். திருச்சிராப்பள்ளியில் மறுநாள் முகூர்த்தம். நான், என் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த எங்கள் பெண், எழுபத்தாறு வயதான என் தகப்பனார் ஆகிய நால்வரும் தாம்பரத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டோம். செங்கற்பட்டு போயிற்று, மதுராந்தகம் ஏரியும் போயிற்று. அச்சிறுபாக்கத்தைத் தாண்டித் திண்டிவனம் நோக்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அப்போது யந்திரம் நின்றது. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. பேசிக்கொண்டே இருந்த ஒருவர் பாதி வாக்கியத்தில் மௌனமானது போல் இருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து மூன்று வார காலம் நாங்கள் செய்ய வேண்டியிருந்த தீர்மானங்கள் பல. அவற்றில் சிலவற்றைச் சரியாகச் செய்தோம், சிலவற்றில் தவறினோம். இரண்டையும் ஒளிக்காமல் சொன்னால் நேயர்களில் யாருக்காவது உபயோகப்படும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிராணன்

யந்திரம் நின்ற மாத்திரத்தில் என் கை தானாகவே சாவியை நோக்கிப் போயிற்று. முன் ஸீட்டில் என் பக்கத்தில் இருந்த அப்பா, "சாவியைத் தொடாதே! இடது பக்கமாக ஒதுக்கு" என்றார். அவர் பழைய அம்பாஸடர் காலத்து மனிதர். அவர் சொன்னதன் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. ஓடும் வண்டியில் சாவியை முழுவதும் திருப்பி வெளியே எடுத்துவிட்டால், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்புறம் வண்டியைத் திருப்புவதற்கு வழியே கிடையாது.

இந்தக் காலத்து வண்டிகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பவும் பிரேக்கை அழுத்தவும் யந்திரம் துணை செய்கிறது. யந்திரம் நின்றால் அந்தத் துணையும் குறைந்து போகும். ஸ்டீயரிங் கனமாகிவிடும்; ஆனால் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக்கோ முதல் இரண்டொரு முறை வழக்கம்போல் பிடிக்கும். பிறகு கல்லாக இறுகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். வண்டிக்கு மிச்சமிருக்கும் வேகம்தான் அப்போது நமது கையில் உள்ள ஒரே மூலதனம். அதைக்கொண்டே சாலையின் இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ஓரத்தில் நின்றதும் நான்கு விளக்குகளையும் மின்ன விட்டோம். வலது பக்கக் கதவைத் திறக்காமல் எல்லோரும் இடது பக்கமாகவே இறங்கி, சாலையோரத்து இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றோம். நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு நமது வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்பது கிட்டத்தில் வந்த பிறகே தெரியும். வண்டியோடு கொடுத்திருந்த சிவப்பு முக்கோணத்தை, நான் நன்றாகப் பின்னால் நடந்து சென்று வைத்தேன். பதினொரு வருஷத்தில் அந்த முக்கோணம் உறையை விட்டு வெளியே வந்தது அன்றுதான்!

தேசிய நெடுஞ்சாலைகளில் இப்படி அகப்பட்டுக்கொண்டவர்களுக்கென்று 1033 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. கூப்பிட்டோம். ரோந்து வண்டி வந்து, எங்கள் வண்டிக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்துக் காவல் நின்றது. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிஸிஸ் நடக்கிறது. தாகம் எடுத்தாலும் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் அவரை நிறுத்தி வைக்க முடியாது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், அவரைச் சற்றுத் தூரத்திலிருந்த ஒரு டீக்கடையின் நிழலில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். அன்றைய தினம் நாங்கள் செய்த காரியங்களில் எவ்விதச் சந்தேகமுமின்றிச் சரியானது அது ஒன்றுதான்.

இரண்டாவது, வியாதி என்ன?

அப்பாவை உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன், சும்மா இருந்தேனா? ரோந்துக்காரர் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை டீக்கடையிலிருந்தே அப்பா கையை ஆட்டினார். அருகில் போனதும், "சத்தம் சரியில்லை. இனிமேல் தொடாதே" என்றார்.

அவருடைய காது தவறவில்லை. நின்றுபோன யந்திரத்தின் வியாதியை ஓரளவுக்கு அதன் குரலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். ஸ்டார்ட்டர் வழக்கம்போல் சுழன்றும் யந்திரம் பற்றிக்கொள்ளவில்லையென்றால், பெட்ரோல் வரவில்லை அல்லது நெருப்புப் பொறி உண்டாகவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது சில்லறைச் செலவில் தீரக்கூடியது. "கடக்" என்ற ஒரே சத்தத்துடன் அசையாமல் நின்றுவிட்டால், பாட்டரி செத்திருக்கலாம். அல்லது எண்ணெய் இல்லாமல் யந்திரமே இறுகிப் போயிருக்கலாம். வழக்கத்தைவிட லேசாகவும் வேகமாகவும், எதிர்ப்பே இல்லாமல் "விர்ர்" என்று சுழன்றால், உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தம். எங்கள் வண்டி "விர்ர்" என்றது.

இந்த மூன்றைத் தவிர, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இரண்டு உண்டு. எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், யந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். உஷ்ணமானி உச்சிக்குப் போயிருந்தால், ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறக்கலாகாது; கொதிநீர் முகத்தில் பாயும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டிக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். 2015 டிஸம்பர் வெள்ளத்திலும், 2023 டிஸம்பர் புயல் மழையிலும் சென்னையில் நீரில் மூழ்கி நின்ற வண்டிகள் ஏராளம். யந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், நீரை அழுத்த முடியாமல் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுகளே வளைந்து போகும். தண்ணீரால் வந்த நஷ்டம் ஆயிரங்களோடு போக வேண்டியது, நம் அவசரத்தால் லட்சமாகிவிடும்.

வழியில் வந்த சோதனை

இதற்குள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "இஞ்சின் போய்விட்டது, ஸார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? 40,000 ரூபாய் தருகிறேன், இப்போதே, கையோடு" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருச்சியில் முகூர்த்தம் காத்திருந்தது. வண்டியின் மேல் எனக்கு ஒரு துரோகியின் மேல் வருவது போன்ற கோபமும் வந்திருந்தது. "தொலைந்தது சனியன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எவ்வளவு நிம்மதி! என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் மெதுவாக, "கோபத்தில் விற்கிற பொருளுக்கு நல்ல விலை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை" என்றாள்.

அந்த மனிதர் ஏமாற்ற வந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது வியாபாரம். ஆனால் வியாதி இன்னதென்று தெரியாமல் விலை பேசினால், தெரியாத பக்கத்து மனிதனுக்குத்தான் நஷ்டம். அன்று தெரியாத பக்கத்தில் இருந்தவன் நான்.

ஆகவே வழியில் ஒரே ஒரு தீர்மானத்தை மட்டும் செய்தோம். வண்டி தாம்பரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போகட்டும். நாங்கள் வாடகை வண்டியில் திருச்சிக்குப் போவோம். "கல்யாணம் நமக்காக நிற்காது; வண்டி நமக்காக நிற்கும்" என்று அப்பா முடித்துவிட்டார். எங்கள் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் வழியில் உதவி செய்யும் ஷரத்துச் சேர்ந்திருந்தபடியால், தட்டையான முதுகுள்ள லாரி ஒன்று வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போயிற்று. குறிப்பிட்ட தூரம் வரையில் இலவசம். மிச்சத்துக்குப் பணம் கொடுத்தோம். கயிற்றைக் கட்டி இழுத்துப் போகலாம் என்று சொன்னவர்களும் உண்டு. யந்திரம் ஓடாத வண்டியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப் போயிருக்கும்போது, நெடுஞ்சாலையில் கயிற்றை நம்புவது கூடாது.

அறுந்தது என்ன?

திருச்சியிலிருந்து திரும்பிய மறுநாள் மெக்கானிக் என்னை வரவழைத்து, ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்பக்கம் பற்கள் உள்ள பட்டை. ஓரிடத்தில் பற்கள் உதிர்ந்து அறுந்திருந்தது. அதற்கு டைமிங் பெல்ட் என்று பெயர்.

மோட்டார் யந்திரத்தில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவற்றின் தலைக்கு மேல் வால்வுகள் என்னும் சிறு கதவுகள் திறந்து மூடி, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விட்டுப் புகையை வெளியே அனுப்புகின்றன. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் யந்திரத்தில் ஒவ்வொரு கதவும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூட வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது கதவு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தத் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பட்டையின் வேலை. பட்டை அறுந்தால் கதவுகள் நின்ற இடத்தில் நிற்கும். பிஸ்டன்கள் வந்து மோதும். கதவுகளின் தண்டுகள் வளையும். சில வண்டிகளில் மோதாதபடி இடைவெளி விட்டு அமைத்திருக்கிறார்கள். வேறு சிலவற்றில் பட்டைக்குப் பதில் இரும்புச் சங்கிலி உண்டு. எங்கள் வண்டி மோதும் ஜாதியைச் சேர்ந்தது. நான் மூன்று தடவை சாவியைத் திருப்பினேனே, அது வளைந்ததை இன்னும் வளைக்கும் வேலை!

"ஸார், இதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மாற்ற வேண்டும் என்று சொன்னேனே?" என்று மெக்கானிக் கேட்டார்.

சொன்னது உண்மைதான். அப்போது அதற்கு 9,000 ரூபாய் ஆகும் என்றார். நன்றாக ஓடுகிற வண்டிக்கு 9,000 ரூபாயா என்று நான் தள்ளிப் போட்டேன். ரப்பர் ஓடினாலும் தேயும். ஓடாவிட்டாலும் காலத்தால் கெடும். அதனால்தான் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியோடு தரும் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். "திடீரென்று நின்றுவிட்டது" என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அல்ல, இரண்டு வருஷ காலமாக அது நின்றுகொண்டிருந்தது.

கணக்கும் மனமும்

இனித்தான் பெரிய தீர்மானம். வண்டிக்கு வயது பதினொன்று. ஓடியது 96,000 கிலோமீட்டர். நல்ல நிலையில் இருந்தால் 2,10,000 ரூபாய்க்குப் போகும். இருந்தபடியே விற்றால், விசாரித்ததில் 60,000 கிடைக்கும் என்று தெரிந்தது. வழியில் அகப்பட்ட 40,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மெக்கானிக் மூன்று வழிகள் சொன்னார். யந்திரத்தின் தலைப்பாகத்தைப் பிரித்து வால்வுகளை மாற்றுவது ஒன்று. பிஸ்டன்கள் சேதமாகாமல் இருந்தால் 55,000 அளவில் முடியும். பழைய யந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்துவது இரண்டாவது, 75,000 ஆகும். விற்றுவிட்டுப் புதிய வண்டி வாங்குவது மூன்றாவது. மாதாமாதம் தவணை கட்ட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கொடுக்காதா என்று நான் கேட்டேன். விபத்துக்கும் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள சாதாரணப் பத்திரம், தானாகத் தேய்ந்து கெட்ட யந்திரத்துக்கு ஒரு காசும் தராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் யந்திரப் பாதுகாப்பு ஷரத்துங்கூடப் பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததற்கும் எண்ணெய் ஒழுகியதற்குந்தான்.

பழைய யந்திரம் வாங்குவதிலும் ஒரு விஷயம் உண்டு. யந்திரத்தின் எண், வண்டியின் பதிவுப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, யந்திரத்தை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கிருந்து வந்தது என்று ரசீது இல்லாத யந்திரம், திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கலாம்.

அன்றிரவு வீட்டில் சபை கூடிற்று. பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக 1,50,000 ரூபாய் பாங்கியில் இருந்தது. அதைத் தவிர எங்கள் கையில் இருந்தது 70,000. "ரிப்பேர் செய்துதான் ஆக வேண்டும். போன வருஷந்தானே 24,000 ரூபாய்க்குப் புது டயர் போட்டோம்? அது வீணாகிவிடுமே!" என்று நான் வாதித்தேன்.

எங்கள் பெண் வர்த்தகப் பாடம் படித்தவள். "அப்பா, அந்த 24,000 ரூபாய் விற்றாலும் திரும்பி வராது, ரிப்பேர் செய்தாலும் வராது. அதை ஏன் கணக்கில் சேர்க்கிறீர்கள்?" என்றாள்.

எனக்குப் பதில் அகப்படவில்லை. போன பணத்தைக் காப்பாற்றுவதற்காக இருக்கிற பணத்தை அனுப்பி வைப்பது, நம்மவர்கள் அநேகரிடம் உள்ள பழக்கம். இனிமேல் போகிற பணம் எவ்வளவு, இனிமேல் வருகிற பிரயோஜனம் என்ன என்பதே கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டோம். 55,000 செலவழித்தால், 60,000 மதிப்புள்ள பொருள் 2,10,000 மதிப்புள்ள பொருளாகிறது. பிற்பாடு விற்பதாயிருந்தாலுங்கூட ரிப்பேர் செய்து விற்பதே லாபம். ஆனால் வண்டியே தேவைதானா? அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டியில் அழைத்துப் போனால் மாதம் 6,000 ரூபாய் போலாகும். சொந்த வண்டிக்குப் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய அதே தொகைதான். பணத்தில் சமம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் வாடகை வண்டி சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. தராசு சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "என்னை உத்தேசித்து வண்டியை வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் படிப்புப் பணத்தை மட்டும் தொடக் கூடாது" என்றார். அவர் குரல் சற்றுக் கம்மியிருந்தது. அந்த வண்டியை வாங்கிய தினத்தில் அதை வீட்டுக்கு ஓட்டி வந்தவர் அவர்.

"தொட வேண்டியதில்லை, மாமா. 70,000-க்கு ஒரு பைசா மேலே போனாலும் வண்டியை விற்றுவிடுவோம். இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்" என்று சொல்லி, என் மனைவி காலண்டரில் எழுதினாள். செலவின் எல்லையை மெக்கானிக்கின் மதிப்பீட்டிலிருந்து எடுக்காமல், எங்கள் கையிருப்பிலிருந்து எடுத்தோம். அதையும் யந்திரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நிச்சயித்தோம். பிரித்த பிறகு எல்லை குறிப்பவர்களுக்கு எல்லை நகர்ந்துகொண்டே போகும்.

மறுநாள் மெக்கானிக்கிடம், பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் 4,000 ரூபாய் கூலி பேசினோம். பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் சம்மதிக்காமல் மேலே கை வைக்கக் கூடாது. பதினாறு வால்வுகளில் பன்னிரண்டு வளைந்திருந்தன. பிஸ்டன்களில் மோதிய தழும்பு இருந்தது, விரிசல் இல்லை. அதன் பிறகே சம்மதம் சொன்னோம். எல்லாம் சேர்ந்து 62,000 ரூபாய் ஆயிற்று.

எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. உடல் துருப்பிடித்த வண்டி, யந்திரம் இறுகிப்போன வண்டி, ரிப்பேர்ச் செலவு தன் விலையையே தாண்டும் வண்டி இவற்றுக்கு விடை கொடுப்பதே விவேகம். அப்படிக் கொடுக்கும்போதும் தெருக்கோடிப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடலாகாது. 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்து, அதற்குரிய அத்தாட்சியைப் பெற்றுப் பதிவையும் ரத்துச் செய்துவிட வேண்டும். இல்லையேல் வண்டி போன பிறகும் அதன் எண் நமது பெயரிலேயே உலாவிக்கொண்டிருக்கும்.

எங்கள் பெண் ஆனி மாதத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். அப்பா வாரம் இரண்டு நாள் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். அறுந்துபோன பட்டையை அவர் எறியவிடவில்லை. காலண்டர் மாட்டிய ஆணியிலேயே அதையும் மாட்டி, அடுத்த பட்டை மாற்ற வேண்டிய வருஷத்தையும் கிலோமீட்டரையும் ஒரு காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், "இது என்ன வினோதமான மாலை?" என்று கேட்கிறார்கள். "62,000 ரூபாய் கொடுத்து வாங்கியது" என்று சொல்கிறேன். பெரும்பாலோர் நம்புவதில்லை.